6,800 ரூபாய் போச்சு: நெட்வொர்க் பிரிண்டரை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மதுரையில் கம்ப்யூட்டர், பிரிண்டர் சர்வீஸ் பார்க்கும் ஒரு கடையில் 6,800 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வைத்துப் பிழைக்கிறவர்கள் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் எழுதுகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திருமங்கலத்தில் எனக்கு ஜெராக்ஸ், டைப்பிங் கடை. உபுண்டு என்கிற லினக்ஸ் போட்ட இரண்டு கம்ப்யூட்டர், இரண்டுக்கும் சேர்த்து நெட்வொர்க் கேபிளில் ஜெராக்ஸும் எடுக்கிற ஒரே லேசர் பிரிண்டர். இன்டர்நெட்காரர்கள் வந்து ரூட்டரை மாற்றிவிட்டுப் போன மறுநாள் பிரிண்ட் நின்றது. பட்டா, வில்லங்கச் சான்று, ஹால் டிக்கெட் என்று ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். கம்ப்யூட்டரில் கொடுத்தால் ஒரு தாள் வரவில்லை. அதே மெஷினில் ஜெராக்ஸ் மட்டும் பளிச்சென்று வருகிறது.

இரண்டையும் அந்தக் கடைத் தம்பியிடம் முதலிலேயே சொன்னேன். "ரூட்டர் மாத்துனதுலேர்ந்துதான் தம்பி இப்படி" என்றும் சொன்னேன். அவர் மெஷினைத் திறந்து, டார்ச் அடித்து, போர்டில் ஒரு கருப்புப் புள்ளியைக் காட்டினார். "பாத்தீங்களாண்ணே, நெட்வொர்க் போர்டு அடிவாங்கிருச்சு. ஜெராக்ஸ் வேற லைன், அது வரத்தான் செய்யும். கம்பெனியில கேட்டா பன்னெண்டாயிரம் சொல்லுவான், நான் 6,800-ல முடிச்சுத் தாரேன்." டீ வரவழைத்தார். "நீங்களும் கடை வச்சிருக்கீங்க, உங்ககிட்டயாண்ணே நான் காசு பாக்கப் போறேன்?" அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜிபேயில் பணத்தைப் போட்டேன். பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

அவர் கடை விண்டோஸ் லேப்டாப்பில் பிரிண்ட் வந்தது. திருமங்கலம் கொண்டுவந்து மாட்டினால் பழையபடிதான். போன் போட்டால், "லினக்ஸுக்கு பிரிண்டர் சப்போர்ட்டே கிடையாதுண்ணே, விண்டோஸ் போட்டுத் தாரேன், 1,500 ஆகும்" என்கிறார். வருஷக்கணக்கில் இதே உபுண்டுவில் ஓடிய பிரிண்டர் அது! லினக்ஸில் பிரிண்ட் வேலையைப் பார்ப்பது கப்ஸ் (CUPS) என்கிற சாஃப்ட்வேர். ஆப்பிள் மேக் கம்ப்யூட்டர்களும் 2002-லிருந்து அதே கப்ஸைத்தான் வைத்திருக்கின்றன. இதைச் சொன்னால் "மாஸ்டர் வெளியூர்ல இருக்காரு". அப்புறம் "மீட்டிங்ல இருக்கேன்". அப்புறம் நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

கோயம்புத்தூரில் இருக்கும் சித்தி மகன் போனிலேயே விஷயத்தை முடித்தான். "அண்ணே, மெஷின் மெனுவுல கான்ஃபிகரேஷன் பேஜ்னு இருக்கும், அதை அடிங்க." அடித்தேன். பிரிண்டரின் நெட்வொர்க் முகவரி (ஐபி அட்ரஸ்) 192.168.0 வரிசையில் இருந்தது. கப்ஸில் இருந்ததோ பழைய ரூட்டர் கொடுத்த 192.168.1 வரிசை முகவரி. இல்லாத முகவரிக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு கப்ஸ் அந்தப் பிரிண்டரை நிறுத்தி வைத்திருந்தது. பிரவுசரில் localhost:631 என்று அடித்து கப்ஸ் பக்கத்தைத் திறந்து முகவரியை மாற்றி, 'ரெஸ்யூம் பிரிண்டர்' கொடுத்ததும் தாள் வந்துவிட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

இதைவிட வயிறெரிவது இன்னொன்று. பிரிண்டர் வாங்கிய புதிதில் அடித்த கான்ஃபிகரேஷன் பேஜ் ஃபைலில் இருந்தது. அதிலும் மேக் அட்ரஸ் (MAC address) என்ற எண் உண்டு; ஒவ்வொரு நெட்வொர்க் போர்டுக்கும் அது தனித்தனி. நெட்வொர்க் போர்டு மாறியிருந்தால் அதுவும் மாறியிருக்க வேண்டும். இரண்டு தாளிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. போர்டை மாற்றவே இல்லை! பக்கம் 2 ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுக்கிறவனுக்கு 6,800 ரூபாய் என்றால் 3,400 பக்கம். அதில் பேப்பர், டோனர், கரண்ட் செலவு வேறு.

சரி, கடையில் ஆள் வந்துவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் வந்து பிரிண்ட் வராவிட்டால் மெஷினைத் தூக்காதீர்கள், முதலில் அந்தக் கான்ஃபிகரேஷன் பேஜை அடித்து முகவரியைப் பாருங்கள். கம்ப்யூட்டரில் ping கட்டளை கொடுத்து அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா பாருங்கள். வந்தால் கப்ஸில் பிரிண்டர் நின்றிருக்கிறதா பாருங்கள். ரூட்டரிலேயே பிரிண்டருக்கு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். போர்டு மாற்றினேன் என்றால் பழைய போர்டைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள், பில்லும் அங்கேயே வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துவிட்டேன். ஜிபே ரசீதும் அந்த இரண்டு தாளும் பத்திரமாக இருக்கின்றன. 6,800 ரூபாய் திரும்பி வந்தால் இதிலேயே எழுதுகிறேன்.