ரேடியோ பாரடைஸ்: புதுசா ராக், ப்ளூஸ் தேடுற நம்மூரு ஆளுங்களுக்கு ஒரு ரிவ்யூ

கிட்டார் சத்தம் புடிக்கும், ஆனா கேட்டதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருக்கேன், புதுசா எங்க போயி தேடுறதுன்னு தெரியலன்னு சொல்றவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கும்பகோணம், மாயவரம், மன்னார்குடி பக்கம் ராக் கேக்குற பசங்க நெறையவே இருக்காங்க, ஆனா முக்காவாசி பேரு கையில இருக்குறது ஹாஸ்டல்ல சீனியர் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்த அதே நாலு பேண்டுதான், பிங்க் ஃப்ளாய்ட், மெட்டாலிகா, லெட் செப்ளின், கன்ஸ் அன் ரோசஸ். எல்லாமே தங்கமான பாட்டு. ஆனா அதுக்கு மேல போக நம்மூர்ல வழி இல்ல, எஃப்எம்ல இதெல்லாம் வராது, ராக் கச்சேரி பாக்கணும்னா சென்னைக்கோ பெங்களூருக்கோதான் பஸ் ஏறணும். நான் காசு கட்டி வச்சிருந்த ஒரு மியூசிக் ஆப்பும் நேத்து கேட்டத வச்சு இன்னைக்கும் அதே சாயல்ல இருபது பாட்டத்தான் கொண்டாந்து நிறுத்துச்சு.

ரேடியோ பாரடைஸ்னு ஒரு இன்டர்நெட் ரேடியோ. அமெரிக்காவுல கலிபோர்னியாவுல பாரடைஸ்ங்கிற சின்ன ஊர்ல பில் கோல்ட்ஸ்மித், ரெபெக்கா கோல்ட்ஸ்மித்னு ஒரு தம்பதி 2000ல ஆரம்பிச்சது. (அந்த ஊரு 2018ல வந்த காட்டுத்தீயில பெரும்பாலும் எரிஞ்சே போச்சு, ரேடியோ இன்னும் ஓடுது.) விளம்பரம் சுத்தமா கிடையாது, கேக்குறவங்க குடுக்குற நன்கொடையிலதான் நடக்குது, குடுக்கலன்னாலும் எல்லாமே இலவசம். ஆப் இருக்கு, இல்லன்னா பிரவுசர்லயே கேக்கலாம். மெயின் மிக்ஸ், மெல்லோ மிக்ஸ், ராக் மிக்ஸ்னு சேனல் இருக்கு, உலக இசைக்கு தனியா ஒண்ணு.

இதோட விசேஷமே அடுத்த பாட்டு எதுன்னு ஒரு மனுஷன் காதால கேட்டு முடிவு பண்றதுதான். நல்ல வித்வான் கச்சேரியில ஒரு ராகத்துக்கு அப்புறம் எத எடுத்தா எடுபடும்னு யோசிச்சு எடுப்பாரு பாருங்க, அந்த மாதிரி. 1970ல வந்த ஒரு ராக் பாட்டு முடியிற இடத்துல அதே ஸ்ருதிய ஒட்டி போன வருஷம் வந்த ஏதோ ஒரு பேண்டு ஆரம்பிக்கும், பாட்டு மாறுனதே தெரியாது, திடீர்னு இது என்னடா புதுசா இருக்கேன்னு போனை எடுத்துப் பாப்பீங்க. அப்படி போனை எடுத்து பேரைப் பாத்தீங்கல்ல, அங்கதான் தேடலே ஆரம்பிக்குது.

எனக்கு நடந்த ஒரு சங்கிலிய சொல்றேன், இதச் சொன்னாத்தான் இந்த ரேடியோவோட அருமை புரியும். மெயின் மிக்ஸ்ல க்ருவாங்பின்னு ஒரு பேண்டு வந்துச்சு, டெக்சஸ்ல ஹூஸ்டன் ஊரு, மூணே பேரு, மார்க் ஸ்பியர்னு ஒருத்தர் கிட்டார். அவசரமே இல்லாத வாசிப்பு, ஒவ்வொரு நோட்டுக்கும் மூச்சு விட எடம் குடுப்பாரு. யாருன்னு தேடிப் போனா 2022ல 'அலி'ன்னு ஒரு ஆல்பம் போட்டிருக்காங்க, கூட வாசிச்சிருக்கிறது வியூ ஃபார்கா டூரே, ஆப்பிரிக்காவுல மாலி நாட்டுக்காரரு, அவரோட அப்பா பாட்டுகளத்தான் அதுல எடுத்து வாசிச்சிருக்காங்க. சரி அப்பா யாருன்னு போனேன். அலி ஃபார்கா டூரே. அன்னைக்கு ராத்திரி தூங்கல.

இந்த மனுஷனப் பத்தி நம்ம டெல்டாக்காரங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். நைஜர் ஆத்தங்கரையில நியாஃபுங்கேன்னு ஒரு ஊரு, அங்க விவசாயி. அந்தப் பக்கமும் ஆறு பெருகி வயலுக்கு ஏறுற நிலம்தான், நெல்லும் போடுவாங்க. உலகமே கொண்டாடுற கிட்டார் கலைஞரா ஆனதுக்கு அப்புறமும் என் தொழில் விவசாயம்னுதான் சொல்லிட்டு இருந்தாரு, 1999ல வந்த ஆல்பத்த ரெக்கார்டிங் ஆளுங்க கருவிகளத் தூக்கிட்டு அவரு ஊருக்கே போயி பதிவு பண்ணாங்க, அதுக்குப் பேரும் ஊரு பேருதான், 'நியாஃபுங்கே'. 2004ல அந்த ஊருக்கு மேயராகி ரோடு, வாய்க்கால், ஊருக்கு கரண்ட் குடுக்குற ஜெனரேட்டருக்கு எண்ணெய்னு சொந்தக் காசப் போட்டு செஞ்சாரு, 2006ல தவறிட்டாரு. அவரு வாசிப்புல ஒரே சுத்து திரும்பத் திரும்ப வரும், அது மேல குரல் ஏறி இறங்கும், கேக்கக் கேக்க மனசு ஒரு இடத்துல போய் நிக்கும். ராத்திரி மோட்டார் கொட்டாயில மும்முனை கரண்டுக்கு காத்துட்டு இருக்கும்போது நான் கேக்குறது இதத்தான்.

சங்கிலி அதோட நிக்கல. 1994ல அலி ஃபார்கா டூரே, ரை கூடர்னு ஒரு அமெரிக்க ஸ்லைடு கிட்டார்காரரோட (கம்பி மேல குழாயத் தேச்சு வாசிக்கிறதுதான் ஸ்லைடு) 'டாக்கிங் டிம்பக்டு' பண்ணாரு. அந்த ரை கூடரப் புடிச்சுப் போனா 1993ல நம்ம ஜெய்ப்பூர் விஷ்வ மோகன் பட்டோட 'எ மீட்டிங் பை தி ரிவர்'! கிராமி வாங்குன ஆல்பம், ரிகர்சல் இல்லாம உக்காந்து வாசிச்சது. இத வீட்டுல போட்டுட்டு இருந்தப்போ தவில் வாசிக்கிற எங்க பெரியப்பா திண்ணையில இருந்து எழுந்து உள்ள வந்துட்டாரு. "யார்ரா இது, கோட்டு வாத்தியமா?"

"இல்ல பெரியப்பா, கிட்டாருதான். மடியில படுக்க வச்சு கம்பி மேல இரும்பத் தேச்சு வாசிக்கிறாரு."

"கிட்டார்ல இப்படி கமகம் வருதாடா? மறுபடி முதல்லேருந்து போடு."

தஞ்சாவூர் வீணை பொறந்த மண்ணுக்காரங்களுக்கு ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்டேருந்து வந்த பாட்டு வகை) ஒண்ணும் தூரத்து விஷயமே இல்லங்கறது என்னோட உறுதியான எண்ணம். வீணையில கம்பிய பக்கவாட்டுல இழுத்து சுரத்த அசைப்பாங்க, ப்ளூஸ்ல பெண்டிங்னு செய்யறதும் அந்த வேலைதான், அசைவு எவ்வளவு, எங்க போய் நிக்கணும்ங்கற இலக்கணம்தான் வேற. நம்ம காதுக்கு அது ஏற்கனவே பழக்கம், அதனாலதான் அமெரிக்க கிட்டார்காரர் டெரெக் டிரக்ஸ் மாதிரி ஆளு ஸ்லைடு போடும்போது நமக்கு சட்டுனு புடிக்குது (அவரு சரோத் மேதை அலி அக்பர் கான் இசையில ஊறுனவரு).

சரி, ஆப் விஷயத்துக்கு வரேன். டேட்டா பத்தி பல பேரு கேப்பீங்க. ஆடியோ தரத்த நீங்களே மாத்திக்கலாம், சிடி தரத்துல இருக்குற ஃப்ளாக் வரைக்கும் போகும், அதுக்கும் காசு இல்ல. ஃப்ளாக் போட்டா மணிக்கு 400 எம்பி கிட்ட இழுக்கும், தினம் 1.5 ஜிபி பேக் வச்சிருக்குறவங்களுக்கு நாலு மணி நேரம் கூட தாங்காது. வீட்டுல வைஃபை இருந்தா மட்டும் அத வைங்க. தரத்த 320 கேபிபிஎஸ் வச்சா மணிக்கு 144 எம்பி, 128 வச்சா 58 எம்பி, சாதா இயர்போனுக்கு 128 போதும். கும்பகோணத்துலேருந்து மன்னார்குடி பஸ்ல போறப்போ வலங்கைமான் தாண்டி நீடாமங்கலம் வரைக்கும் எனக்கு சிக்னல் வரும் போகும், அதுக்கு ஆப்புலயே ஒரு வழி இருக்கு, சில மணி நேரப் பாட்ட முன்னாடியே இறக்கி வச்சுக்கலாம், கிளம்புறதுக்கு முன்னாடி வீட்டுல இறக்கிட்டா போற வழி பூரா தடங்கல் இல்ல. புடிக்காத பாட்டத் தாண்டிப் போகவும் முடியும். ஒவ்வொரு பாட்டுக்கும் பத்துக்கு இத்தனைன்னு மார்க் போடலாம், எல்லாரும் போட்ட மார்க்கும் தெரியும். நான் மார்க்க பாக்குறதே இல்ல, ஆறு வாங்குன பாட்டுதான் எனக்கு உசுரா ஆகியிருக்கு.

குறைன்னா, இது முழு ப்ளூஸ் ஸ்டேஷன் கிடையாது. ப்ளூஸ் பொறந்த மிசிசிப்பி பக்கத்து பழைய ஆளுங்க எப்பவாவதுதான் வருவாங்க, ஹெவி மெட்டல் எதிர்பாத்து வந்தா ஏமாந்துடுவீங்க. வேணும்ங்கற பாட்ட கேட்டு வாங்கவும் முடியாது, அதான் ரேடியோ. நன்கொடை டாலர்ல போறதால இன்டர்நேஷனல் பேமென்ட் ஆன் பண்ணுன கார்டு வேணும். கொஞ்சமா இருந்தாலும் குடுங்க, விளம்பரமே இல்லாம இத்தன வருஷம் நடத்துறாங்க.

அதனால இத ஒரு வாசப்படியா வச்சுக்கோங்க, பேரு மாட்டுனதும் அங்கேருந்து நீங்களா நடக்கணும். நான் செய்யறது என்னன்னா, புடிச்ச பேர போன் நோட்ஸ்ல போட்டு வச்சுட்டு, சாயந்திரம் யூட்யூப்ல கேஇஎக்ஸ்பி சேனல்ல அவங்க வாசிச்சிருக்காங்களான்னு பாப்பேன். அது சியாட்டில்ல இருக்குற பொது ரேடியோ, ஸ்டுடியோவுக்குள்ள பேண்டுகள உக்கார வச்சு வாசிக்க விடுவாங்க, விரல் எங்க போகுதுன்னு நல்லா தெரியும், கிட்டார் கத்துக்குறவங்களுக்கு இதவிட என்ன வேணும். நைஜர் நாட்டு எம்டூ மொக்டார் இடது கையால கிட்டார்ல தீப்பொறி பறக்க விடுறத அங்கதான் பாத்தேன், 2021ல வந்த 'ஆஃப்ரீக் விக்டிம்' ஆல்பத்த விட்டுடாதீங்க. அப்புறம் அந்த ஆளு எந்த கம்பெனியில பாட்டு போடுறாருன்னு பாருங்க, அந்த கம்பெனியோட மத்த ஆளுங்களையும் கேளுங்க. பிளாக் கீஸ்ங்கிற அமெரிக்க ராக் பேண்டு புடிச்சிருந்தா அவங்க 2006ல ஜூனியர் கிம்ப்ரோன்னு ஒரு மிசிசிப்பி ப்ளூஸ்காரரோட பாட்டுகள மட்டுமே வச்சு ஒரு சின்ன ஆல்பம் போட்டாங்க, அங்கேருந்து கிம்ப்ரோவுக்குப் போனா ஃபேட் பாசம்னு ஒரு கம்பெனி, அதுக்குள்ள ஆர் எல் பர்ன்சைடு, ஒரே கார்டுல (சேத்து மீட்டுற ஒரே சுரக் கூட்டுல) ஒரு பாட்டையே ஓட்டுற ஆளு. இன்னும் பின்னாடி போனா, 1941ல ஆலன் லோமாக்ஸ்னு நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்கிறவரு மிசிசிப்பி போயி மடி வாட்டர்ஸ்ங்கிற ப்ளூஸ்காரர பதிவு பண்ணப்போ மடி பண்ணையில டிராக்டர் ஓட்டிட்டு இருந்தாரு, ரெண்டு வருஷத்துல சிகாகோ போயிட்டாரு, பின்னாடி வந்த ராக் பாதி அவருகிட்டேருந்து வந்ததுதான், அந்தப் பண்ணைப் பதிவும் இன்னைக்கு கேக்கக் கிடைக்குது.

இப்பத்திய ஆளு யாரும் இல்லையான்னு கேட்டா, மடி வாட்டர்ஸ் வளந்த கிளார்க்ஸ்டேல் பக்கத்துலேருந்தே 1999ல பொறந்த ஒரு பையன் வந்திருக்காரு, கிங்ஃபிஷ் இங்ரம், 2021ல போட்ட '662'க்கு கிராமி வாங்குனவரு, அது அவங்க பகுதி போன் கோடு. சத்தமா வச்சுக் கேக்கணும்.

முதல் வாரம் ராக் மிக்ஸ் பக்கம் போகாம மெயின் மிக்ஸ மட்டும் ஓட விடுங்க, அங்கதான் எதிர்பாக்காதது வரும்.