யுசிஎல் அடிமைமுறைத் தரவுத்தளம்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

பிரிட்டன் 1833-ல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது 2 கோடி பவுண்டு இழப்பீடும் ஒதுக்கியது. அடிமையாகக் கிடந்தவர்களுக்கு அதில் ஒரு பென்னிகூட இல்லை. அவ்வளவும் அவர்களை வைத்திருந்தவர்களுக்கு. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் அது. இவ்வளவு பணம் கைமாறினால் கணக்கு எழுதாமல் விடுவார்களா? எழுதினார்கள், பத்திரமாகவும் வைத்தார்கள். அந்தக் கணக்கைத்தான் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் (யுசிஎல்) ஆய்வாளர்கள் 2013-ல் 'லெகசிஸ் ஆஃப் பிரிட்டிஷ் ஸ்லேவரி' தரவுத்தளமாக இணையத்தில் திறந்துவிட்டார்கள். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்கவும் தேவையில்லை.

கரீபியத் தீவுகளில் வேர் உள்ள குடும்பங்கள், குறிப்பாக வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் அடிமைத் தாய்க்கும் பிறந்தவர்களின் வழிவந்தவர்கள், முதலில் வந்து நிற்கும் இடம் இது. 5-க்கு 4 மதிப்பெண் கொடுக்கலாம். குறையும் அந்த ஒன்று ஏன் முக்கியம் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதலில் நிறை. ஒரு இழப்பீட்டுக் கோரிக்கையின் பக்கத்தைத் திறந்தால் தீவு, பாரிஷ் என்னும் உள்ளாட்சிப் பிரிவு, கோரிக்கை எண், தோட்டத்தின் பெயர், அங்கே எத்தனை பேர் அடிமைகளாக இருந்தார்கள், பவுண்டு-ஷில்லிங்-பென்ஸ் கணக்கில் எவ்வளவு கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள், யார் போட்டிக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று எல்லாம் இருக்கும். பிற்காலப் பிரதமர் கிளாட்ஸ்டனின் தகப்பனார் ஜான் கிளாட்ஸ்டன் 2,508 பேருக்காக 1,06,769 பவுண்டு வாங்கியதை இங்கே கோரிக்கை கோரிக்கையாகப் பிரித்துப் பார்க்கலாம். பணம் வாங்கியவர்கள் எல்லாரும் இப்படிப்பட்ட பெருமுதலாளிகள் அல்ல. ஒன்றிரண்டு பேரை வைத்திருந்த விதவைகளும், தாங்களே கலப்பினத்தவராக இருந்து அடிமைகளை வைத்திருந்த சுதந்திரக் குடிகளும் வரிசையில் நின்றார்கள். சொந்தக் குடும்பத்தைத் தேடி வருகிறவர் இந்தக் கடைசி வகைக்கு மனதைத் தயார்செய்துகொண்டு வருவது நல்லது. ஒரே வம்சத்தில் அடிமையும் இருப்பார், அடிமையை வைத்திருந்தவரும் இருப்பார்.

இனிக் குறை. இந்தக் கணக்கில் அடிமைகளின் பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். பணம் கொடுத்தவர்களுக்குத் தலைக்கணக்கு போதுமானதாக இருந்தது. வயல்வேலைக்காரர், கைத்தொழில் தெரிந்தவர், வீட்டு வேலைக்காரர், 1834 ஆகஸ்ட் 1 அன்று ஆறு வயது நிரம்பாத பிள்ளைகள் என்று வகை பிரித்து, வகைக்கு ஒரு விலை வைத்தார்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, இது முதலாளிகளைப் பற்றிய தரவு என்று தளத்திலேயே சொல்கிறார்கள். ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் காரியம் தங்கள் குடும்பப் பெயரைத் தேடல் பெட்டியில் தட்டுவதுதான். அதே பெயரில் ஒரு முதலாளி வந்ததும் இவர்தான் கொள்ளுப்பாட்டனின் பாட்டன் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். தவறு தொடங்குவது அங்கேதான்.

பணம் வாங்கியவர் தோட்டத்தின் சொந்தக்காரராக இருக்க வேண்டியதே இல்லை. கடன் கொடுத்து அடமானம் பிடித்த லண்டன் வணிகராக இருக்கலாம், உயிலை நிறைவேற்றுபவராக இருக்கலாம், அறக்கட்டளைப் பொறுப்பாளராக இருக்கலாம். பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் எந்த உரிமையில் வந்தார் என்ற குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். சொந்தக்காரரே ஆனாலும், ஜமைக்காவின் பெரிய தோட்டக்காரர்களில் பலர் இங்கிலாந்திலேயே வாழ்ந்தவர்கள். தோட்டத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் ஓவர்சியரும், 'புக்கீப்பர்' என்று அழைக்கப்பட்ட இளைஞர்களும்தான். நம் மலையகத் தோட்டங்களின் கணக்கப்பிள்ளையைப் போல, பெயரில் கணக்கு இருந்தாலும் இவர்களுக்கு வேலை வயலில், ஆட்களை மேய்ப்பது. கலப்பினப் பிள்ளைகள் பலரின் தகப்பன்மார் இவர்கள். சொத்து இல்லாதவர்கள் இழப்பீட்டுக் கணக்கில் எப்படி வருவார்கள்?

ஆகவே தகப்பன் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். தோட்டத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு தாயிடம் போங்கள்.

யுசிஎல் தளத்தில் தோட்டத்தையும் பாரிஷையும் உறுதிசெய்துகொண்டு, பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகத்தின் டி 71 வரிசையில் உள்ள அடிமைப் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். ஆன்செஸ்ட்ரி என்னும் வம்சாவளித் தேடல் தளத்தில் இவை பெயர்த் தேடலோடு கிடைக்கின்றன. ஜமைக்காவில் ஒரு சிக்கல்: அன்று 20-க்கு மேல் இருந்த பாரிஷ்களை 1867-ல் 14 ஆகக் குறைத்தார்கள். வியர் பாரிஷ் இன்று கிளாரண்டனுக்குள், செயின்ட் தாமஸ் இன் த வேல் இன்று செயின்ட் கேத்தரினுக்குள் இருக்கிறது. இன்றைய பெயரில் தேடினால் பாதித் தோட்டங்கள் காணாமல் போகும்.

ஜமைக்காப் பதிவேடு 1817-ல் தொடங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை 1832 வரை போகிறது. முழுப் பட்டியல் 1817-ல் மட்டும்தான். அடுத்தடுத்தவற்றில் பிறப்பு, இறப்பு, வாங்கியது, விற்றது என்று மாற்றங்களை மட்டும் எழுதினார்கள். 1823-ல் பெயர் இல்லை என்றால் ஆள் செத்துவிட்டார் என்று பொருள் அல்ல, பெரும்பாலும் அதே தோட்டத்தில் அப்படியே இருக்கிறார் என்றுதான் பொருள். முகப்பில் கையெழுத்திட்டவரின் பெயரும் ஏமாற்றும். சொந்தக்காரர் என்ற முறையிலா, இன்னாரின் முகவர் என்ற முறையிலா என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கும்.

இப்போது அந்தப் பக்கத்தின் ஒரு வரியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பெயர், நிறம், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா 'கிரியோல்' என்னும் உள்ளூர்ப் பிறப்பா, கடைசியில் குறிப்பு. இத்தனை கட்டங்கள். தகப்பனுக்கு ஒரு கட்டம் இல்லை. குறிப்புக் கட்டத்தில் 'இன்னாளுடைய மகன்', 'இன்னாளுடைய மகள்' என்று தாயின் பெயர் மட்டும் இருக்கும். பிள்ளை யாருடைய சொத்து என்பதைத் தாயை வைத்துத்தான் தீர்மானித்தார்கள், அதனால் தாயின் பெயர் தேவைப்பட்டது.

தகப்பனைப் பற்றிப் பதிவேடு வாய்விட்டுச் சொல்லாததை நிறக் கட்டம் சொல்லிவிடுகிறது. தாய் 'நீக்ரோ', பிள்ளை 'முலாட்டோ' என்றால் தகப்பன் வெள்ளையர். தாய் முலாட்டோ, பிள்ளை 'குவாட்ரூன்' என்றாலும் அப்படியே. தாய் முலாட்டோ, பிள்ளை 'சாம்போ' என்றால் தகப்பன் கறுப்பர். இழிவான சொற்கள் இவை, ஆனால் இவற்றின் பொருள் தெரியாமல் இந்தப் பக்கங்களைப் படிக்க முடியாது. எழுதியவர் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் எழுதியது என்பதால், ஒரு வரியை மட்டும் நம்பாமல் உடன்பிறந்தவர்களின் வரிகளையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெயரிலும் கவனம் தேவை. குவாஷி என்றால் ஞாயிறு பிறந்த ஆண், கஃபி என்றால் வெள்ளி பிறந்த ஆண். மேற்கு ஆப்பிரிக்க அக்கான் மக்களின் கிழமைப் பெயர்கள் இவை. ஒரே தோட்டத்தில் நாலைந்து குவாஷிகள் இருப்பார்கள், வயதை வைத்துத்தான் பிரிக்க முடியும். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பழைய பெயரோடு புதிய பெயரையும் சேர்த்து எழுதிய பட்டியல்களும் உண்டு. விடுதலைக்குப் பிந்திய ஆவணங்களில் தொடரப்போவது அந்தப் புதிய பெயர்தான், இரண்டும் சேர்ந்து இருக்கும் வரி கிடைத்தால் உடனே படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரினிடாட் குடும்பங்களுக்கு அதிர்ஷ்டம் கூடுதல். அங்கே 1813-லேயே பதிவு தொடங்கியது, உயரம், உடல் அடையாளங்கள், குடும்ப உறவு வரைக்கும் எழுதினார்கள்.

தகப்பனின் பெயர் கடைசியாகக் கிடைத்தால் அது பெரும்பாலும் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாக உள்ள ஜமைக்கா பாரிஷ் ஞானஸ்நான ஏடுகள். இன்னொன்று, பிரிட்டிஷ் ஆவணக்காப்பகத்தின் ப்ரோப் 11 வரிசை உயில்கள். 'என் பிள்ளை எனக் கருதப்படும்' என்ற பொருளில் வரும் 'ரெப்யூட்டட்' என்ற சொல்லையும், 'நேச்சுரல்' என்ற சொல்லையும் கவனியுங்கள். மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த பிள்ளையை அப்படித்தான் குறித்தார்கள். சில உயில்களில் தாய்க்கும் பிள்ளைக்கும் விடுதலையும் ஆண்டுத்தொகையும் எழுதியிருப்பார்கள்.

உயிலில் பெயர் வராத பிள்ளைகளே மிகுதி. ராபர்ட் வெடர்பர்ன் கதையைப் பாருங்கள். ஜமைக்காவில் ஸ்காட்லாந்து மருத்துவரும் தோட்டக்காரருமான ஜேம்ஸ் வெடர்பர்னுக்கும் ரோசன்னா என்ற அடிமைப் பெண்ணுக்கும் பிறந்தவர் அவர். வயிற்றுப்பிள்ளையோடு இருந்த ரோசன்னாவை விற்றபோது, பிறக்கும் பிள்ளை சுதந்திரப் பிறவி என்ற நிபந்தனை இருந்தது. வளர்ந்த ராபர்ட் ஸ்காட்லாந்தில் தகப்பன் வீட்டு வாசலில் போய் நின்றார். தகப்பன் ஏற்கவில்லை. சமையற்கட்டில் இருந்து கொஞ்சம் பியரும், ஏவலாள் கொடுத்த விரிசல் விட்ட ஆறு பென்ஸ் காசும்தான் கிடைத்தன என்று 1824-ல் தானே எழுதி வைத்தார். தகப்பனின் இன்னொரு மகன் ஆண்ட்ரூ கொல்வில் அந்த உறவையே பத்திரிகையில் மறுத்தார். யுசிஎல் தளத்தில் ஜமைக்கா இழப்பீடு பெற்றவர்களில் ஒருவராக இந்த ஆண்ட்ரூ கொல்வில் இருக்கிறார். ரோசன்னாவையும் ராபர்ட்டையும் நாம் அறிவது ராபர்ட் பேனா பிடித்ததால்.

இலங்கைத் தமிழரும் தமிழகத்தாரும் இந்தத் தளத்தில் தங்கள் ஊரைத் தேட நினைத்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் செயின்ட் ஹெலனாவையும் வெளிப்படையாக விலக்கியது. இழப்பீடு இல்லாத இடத்தில் கோரிக்கைப் பக்கமும் இல்லை. மொரீஷியஸ் சட்டத்துக்குள் வந்தது, அந்தத் தீவின் அடிமைகளில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. ஆனால் யுசிஎல் திரட்டிய தோட்ட வரலாறுகள் கரீபியத்தை மையமாகக் கொண்டவை, மொரீஷியஸுக்கு அந்த அளவு விவரத்தை எதிர்பார்க்க வேண்டாம். அங்கும் டி 71 பதிவேடுதான் துணை.

இலங்கைக்கும் அதே டி 71-ல் பதிவேடுகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் கோவியர், நளவர், பள்ளர் சாதிகளைச் சேர்ந்த பலரை அன்றைய ஆட்சி அடிமைகளாகப் பதிவுசெய்தது. அந்தத் தேடலுக்கு யுசிஎல் தளத்தில் நேரம் செலவிடாமல் நேராக அந்தப் பதிவேடுகளுக்கே போங்கள்.