ஊசி குத்திய பொம்மையும் சாலமோனின் முத்திரையும்: பாஸ்காசில் அருங்காட்சியகம்

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலில், பாஸ்காசில் என்னும் சிறு துறைமுகத்தின் ஓரம், சூனியத்துக்கும் மாந்திரீகத்துக்கும் என்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பில்லி, சூனியம், ஏவல், மாந்திரீகம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நமக்கு, அங்குள்ள சேகரிப்பு அந்தப் பழக்கத்தின் மீதே ஐயத்தை எழுப்புகிறது.

சூனியக்காரியின் பொருள்கள் எல்லாம் அடுக்களையிலும் கொல்லையிலும் கிடைப்பவை. ஊசி குத்திய துணிப்பொம்மை, பகைவரின் ஏவலைத் திருப்பி அனுப்பச் சிறுநீரும் ஆணியும் முடியும் இட்டு அடைத்த குடுவை, மாலுமிகளுக்குக் காற்றை விற்ற முடிச்சுக் கயிறு. அக்கயிற்றில் மூன்று முடிச்சுகள்: முதலாவதை அவிழ்த்தால் இளங்காற்று, இரண்டாவதை அவிழ்த்தால் பலத்த காற்று, மூன்றாவதை அவிழ்த்தால் புயல். இதற்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை.

சடங்கு மாந்திரீகமோ படித்தவர்களின் கலை. வாள், தரையில் வரையும் வட்டம், சாலமோன் மன்னனின் பெயரால் வழங்கும் முத்திரைகள், எபிரேய எழுத்துகள் என்று அது வேறோர் உலகம். 1888இல் லண்டனில் தோன்றிய கோல்டன் டான் என்னும் மாந்திரீகச் சங்கமும், அதில் பயின்ற மாந்திரீகர் அலிஸ்டர் குரோலியும் அதன் பிற்கால வாரிசுகள்.

இவ்விரண்டுக்கும் நடுவே நின்றவர்கள்தாம் என்னை அதிகம் ஈர்த்தார்கள். களவுபோன பொருளைக் கண்டுசொல்லவும் செய்வினை எடுக்கவும் கூலி பெற்ற கிராமத்து வைத்தியர்கள், கற்றோரின் ஏடுகளிலிருந்து தங்களால் இயன்றதைப் படியெடுத்துக்கொண்டார்கள். 1584இல் ரெஜினால்டு ஸ்காட் என்பவர் இவையெல்லாம் ஏமாற்று என்று நிறுவ ஒரு நூல் எழுதி, சான்றுக்காக மந்திரங்களையும் அச்சிட்டார். அந்த நூலையே கைநூலாக வைத்துத் தொழில் நடத்தியவர்கள் உண்டு.

அருங்காட்சியகத்தின் கதையிலும் இதே இழுபறி இருக்கிறது. பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்ட 1951இல், செசில் வில்லியம்சன் இதை ஐரிஷ் கடலிலுள்ள மான் தீவின் காசில்டவுனில் திறந்தார். அங்கே ‘குடியிருக்கும் சூனியக்காரர்’ என்று அறிமுகப்படுத்தப்பட்ட ஜெரால்ட் கார்டனர், இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் பின்னர் மலாயாவின் சுங்கத் துறையிலும் வேலை பார்த்து, மலாய்க் கிரிஸ் கத்திகளைப் பற்றி நூலும் எழுதியவர். பழங்காலச் சூனிய மதம் என்று அவர் பரப்பிய விக்காவின் சடங்குகளில் குரோலியின் வரிகளும் சாலமோனின் பெயரால் வழங்கும் மாந்திரீக நூலின் கருவிகளும் கலந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதில் கத்திக்குக் கிடைத்த முதன்மையைப் பார்க்கும்போது மலாயாவும் எனக்கு நினைவுக்கு வராமலில்லை. வில்லியம்சனுக்கோ மதத்தைவிட ஊர்க்கிழவிகளின் கைவேலையில்தான் நாட்டம். இருவரும் பிரிந்தார்கள், வில்லியம்சனின் சேகரிப்பு வேறு ஊர்கள் சுற்றி 1960இல் பாஸ்காசிலுக்கு வந்து சேர்ந்தது. 2004 ஆகஸ்ட் 16 வெள்ளத்தில் ஊரோடு சேர்ந்து கட்டடமும் சேறானது. பொருள்களில் பெரும்பாலானவை தப்பின. 2015இல் பெயரோடு ‘மாந்திரீகம்’ என்னும் சொல்லும் சேர்க்கப்பட்டது. உள்ளே இருப்பதற்கு அதுவே பொருத்தமான பெயர்.

பேய்வீட்டுக் கேளிக்கையை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. குறிப்புகளை நின்று வாசிப்பவர்கள் அரை நாள் ஒதுக்கிக்கொள்வது நல்லது. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால், கோடையில் பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.