என்ஜின்எக்ஸில் ஆவணம் இல்லாத டிகிரடேஷன் மாடியூல்: கோத்தகிரியில் மூன்று ஆண்டுப் பயன்பாடு

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை, அன்றைய பச்சை இலை விலையைச் சிறு விவசாயிகளுக்குக் காட்டும் பக்கத்தை 2 ஜிபி ராம் உள்ள மினி பிசியில் ஓட்டுகிறது. ஃபெடோரா லினக்ஸ், அதன் பேக்கேஜில் வரும் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்தாலும் சர்வர் தானே எழுந்துகொள்கிறது. அதில் குறையே இல்லை. கவனிக்க வேண்டியது, கேட்காமலே உள்ளே கம்பைல் ஆகி வரும் டிகிரடேஷன் மாடியூல்.

இருக்கிறதா என்று பார்க்க, என்ஜின்எக்ஸ் கமாண்டோடு பெரிய எழுத்து 'வி' ஆப்ஷன் கொடுங்கள். பதில் எரர் வழியில் வருவதால் 2>&1 சேர்க்காமல், வரிகளைத் தேடித் தரும் கிரெப்புக்கு அனுப்பினால் வடிகட்டாது. சோர்ஸிலிருந்து பில்ட் செய்யும்போது ஓட்டும் கன்ஃபிகரின் உதவிப் பட்டியலில் மாடியூலின் பெயர் உண்டு. அதிகாரபூர்வ மாடியூல் ஆவணங்களில் பக்கம் இல்லை. சோர்ஸைப் படித்தால்தான் வேலை புரியும்: மெமரி வரம்பைத் தாண்டினால் ரிக்வெஸ்ட்டுக்கு 204 (உள்ளடக்கம் இல்லை) அனுப்பும், அல்லது 444 என்று பதிலே தராமல் கனெக்‌ஷனை மூடும்.

சிறிய ராமுக்கு ஏற்றதாகத் தோன்றும். நம்ப வேண்டாம். எஸ்பிஆர்கே (sbrk) என்ற அழைப்பு காட்டும் ஹீப் (ப்ரோகிராம் ஓடும்போது வளரும் மெமரிப் பகுதி) முனையிலிருந்து ஒரு ஃபங்ஷனின் முகவரியைக் கழித்துத்தான் மெமரியை அளக்கிறது. இன்றைய லினக்ஸில் ப்ரோகிராமுக்கும் ஹீப்புக்கும் நடுவே ரேண்டம் இடைவெளி விழும். அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும். ரீலோடு செய்தால் அது மாறாது, ரீஸ்டார்ட்டில் மாறும். அதாவது ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கன்ஃபிகில் எழுதிய 64 எம் (எம்பி) என்ற அதே வரம்புக்கு வேறு அர்த்தம். இன்னொரு பக்கம், ஜிலிப்சி (glibc) என்ற சி லைப்ரரி 128 கேபிக்கு மேற்பட்ட ஒதுக்கீடுகளை வழக்கமாக ஹீப்புக்கு வெளியே எம்மேப்பில் (mmap) எடுப்பதால் பெரிய பஃபர்கள் இந்தக் கணக்கிலேயே வராது.

204 வந்தால் பிரௌசர் இருந்த பக்கத்திலேயே நிற்கும். விலை பார்க்க லிங்க்கைத் தட்டியவருக்கு ஒன்றும் நடக்காது, பழைய விலையே தெரியும். லாக் வரி நோட்டிஸ் நிலையில் எழுதப்படுகிறது. எரர்லாகில் நிலை குறிப்பிடாவிட்டால் எரருக்குக் கீழே எதுவும் பதியாது. அப்போது எரர்லாகில் தடயமே இருக்காது.

கன்ஃபிகில் இந்த மாடியூலை இயக்கும் டிகிரேட் வரி இல்லையென்றால் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு வெற்று ஃபங்ஷன் அழைப்புதான் செலவு. அதற்காக மறுபில்ட் தேவையில்லை: சொந்த பில்டுக்குச் செக்யூரிட்டி அப்டேட் தானாக வராது, பேக்கேஜ் அப்டேட் வந்தால் பைனரியும் மேலெழுதப்படும். மெமரியைக் கட்டுப்படுத்த லிமிட்-கான், குறைந்த வொர்க்கர் கனெக்‌ஷன்ஸ், சிஸ்டம்டியில் மெமரிமேக்ஸ் மூன்றும் போதும். பழைய கன்ஃபிக் ஃபைலை வேறு மெஷினிலிருந்து காப்பி செய்தால், இன்க்ளூடு ஃபோல்டர்களையும் சேர்த்து 'டிகிர' (degra) என்று தேடிப் பார்த்துவிட்டு ரீலோடு செய்யுங்கள்.