டிஎன்ஏ மாடல் கிட் வாங்கினேன்: பீஸ் சூப்பர், கூட வந்த ஷீட்ட மட்டும் நம்பாதீங்க

வீட்ல ப்ளஸ் டூ பசங்களுக்கு பயாலஜி ட்யூஷன் எடுக்கறேன், எத்தன தடவ போர்டுல வரைஞ்சாலும் டிஎன்ஏ பாதி பேருக்கு மண்டைல ஏறல, அதான் ஆன்லைன்ல ஒரு மாடல் கிட் ஆர்டர் போட்டேன். பிராண்ட் பேரு வேணாம், இதே அச்சுல வந்த பீஸ் நாலஞ்சு பேர்ல விக்கறாங்க. 12 ஜோடி வர்ற பிளாஸ்டிக் செட்.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். முறுக்கின ஏணி மாதிரி இருக்கற டிஎன்ஏல படியா வர்ற பேஸ் பீஸ (ஏ, டி, ஜி, சி) நெஜமாவே யோசிச்சு பண்ணிருக்காங்க. அடினைனும் குவானைனும் நீளம், தைமினும் சைட்டோசினும் குட்டை, அதனால சரியான ஜோடி எத மாட்டினாலும் ஏணியோட அகலம் மாறல. நெஜ டிஎன்ஏவும் அப்டித்தான், ரெண்டு வளையம் உள்ளதுக்கு எதிர ஒரு வளையம் உள்ளது வந்து உக்காரும், அகலம் சுமார் 2 நானோமீட்டர்லயே நிக்கும். ஹைட்ரஜன் பாண்டுக்கு வெள்ளை குச்சி, ஏ-டிக்கு ரெண்டு, ஜி-சிக்கு மூணு. ஒரு பையன் வேணும்னே ஏ-வையும் சி-யையும் சேத்து அழுத்தி பாத்தான், குச்சியும் ஓட்டையும் ஒத்தே வரல, "ஓ இதனாலதான் காப்பி எடுக்கும்போது தப்பு கம்மியா வருதா சார்"னு கேட்டான் பாருங்க, குடுத்த காசு அங்கயே வசூல். 6 ஜோடில ஏணி கட்டி, நடுவுல பிரிச்சு, மிச்ச பீஸ எதிர எதிர மாட்டினா ரெண்டு ஏணி, ஒவ்வொண்ணுலயும் பழைய இழை ஒண்ணு புது இழை ஒண்ணு. 1958ல மெசல்சன், ஸ்டால்னு ரெண்டு விஞ்ஞானிங்க கன நைட்ரஜன (எடை கூடுன நைட்ரஜன்) வச்சு நிரூபிச்சது இதத்தான்.

இப்ப கடுப்புக்கு வருவோம். ஏணியோட பக்கவாட்டுல வர்ற சர்க்கரை பீஸ்ல எது 5 பிரைம் பக்கம் எது 3 பிரைம் பக்கம்னு (இழையோட ரெண்டு முனைக்கு பேரு இது) ஒரு அடையாளமும் இல்ல, ரெண்டு இழையவும் ஒரே திசைல மாட்டினாலும் அது பாட்டுக்கு மாட்டிக்குது. ரெண்டும் எதிரெதிர் திசைல ஓடுதுங்கறதுதான்யா விஷயமே! புது இழைய கட்டற என்சைம் பாலிமரேஸ், அது 3 பிரைம் முனைல மட்டும்தான் புதுசா சேக்கும், அதனாலதான் ஒரு இழை நீளமா வரும், இன்னொண்ணு துண்டு துண்டா வரும், இது புரியாம ஒகசாகி துண்டுன்னு சொல்ற அந்த துண்ட எப்டி சொல்லித்தர்றது? கடைசில நானே பர்மனென்ட் மார்க்கர் எடுத்து ஒவ்வொரு சர்க்கரைலயும் 5, 3னு எழுதினேன்.

ஷீட் அதவிட மோசம். படத்துல ஏணிய இடது கை பக்கம் முறுக்கி போட்டுருக்காங்க. செல்லுக்குள்ள வழக்கமா இருக்கற பி வடிவம் வலது பக்கம் முறுக்கினது, சுமார் 10 ஜோடிக்கு ஒரு சுத்து. நிக்க வச்சு பாத்தா நம்ம பக்கம் இருக்கற இழை இடது கீழருந்து வலது மேல ஏறணும், அவ்ளோதான் செக்கிங். இடது பக்கம் சுத்தற இசட் டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்குதான், ஆனா ஷீட்டு சொல்றது அத இல்ல. அப்புறம் முறுக்குக்கு நடுவுல வர்ற பெரிய பள்ளம் சின்ன பள்ளம்னு வித்தியாசமே தெரியல, ரெண்டும் ஒரே அளவு, புரோட்டீன் வந்து பேஸ் வரிசைய எங்க படிக்குதுன்னு காட்ட வழியில்ல.

டிஎன்ஏ தகவல காப்பி எடுத்து வர்ற ஆர்என்ஏக்கு, தைமினுக்கு பதிலா வர்ற யுராசில் பேஸ தனி கலர்ல குடுத்துட்டு சர்க்கரைய அதே பீஸா விட்டுட்டாங்க. ஆர்என்ஏவோட சர்க்கரையான ரைபோஸ்ல 2 பிரைம் இடத்துல (ரெண்டாவது கார்பன்ல) ஒரு ஓஎச் கூடுதலா இருக்கு, அது பக்கத்து பாஸ்பேட் பாண்ட தாக்கறதாலதான் ஆர்என்ஏ சீக்கிரம் உடையுது. ஒரு புரோட்டீனுக்கான தகவல கொண்டு போய் புரோட்டீன் கட்டற ரைபோசோம்ல குடுத்துட்டு அழியற எம்ஆர்என்ஏக்கு அது பரவால்ல, ஆயுசுக்கும் வச்சிருக்க வேண்டிய தகவலுக்கு டிஎன்ஏதான் சரி. அந்த ஒரு சின்ன முளைய பீஸ்ல வச்சிருந்தா பாதி பாடம் முடிஞ்சிருக்கும்.

சாட்ல இதெல்லாம் எழுதி கேட்டேன், "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சு"ன்னு பதில். நான் கேட்டது ரிட்டர்னே இல்ல, படத்த மாத்துங்கன்னுதான்.

3 ஸ்டார். ட்யூஷனுக்கோ ஸ்கூல் லேபுக்கோ வாங்கறவங்க தாராளமா வாங்கலாம், பசங்க தானா படிக்கட்டும்னு குடுத்துட்டு போறதா இருந்தா வேணாம். வெள்ளை குச்சிய மட்டும் ஒரு டப்பால போட்டு வைங்க, கழண்டு விழுந்தா தேடி எடுக்கறது பெரும்பாடு, ஸ்பேரும் தனியா விக்கறதில்ல.