கியூஆர் அட்டையா, ஸ்வைப் மிஷினா?

புதுச்சேரியில் புதிதாகக் கடை போடுகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது.

செலவு: வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. பணம் வந்ததைக் குரலில் சொல்லும் ஒலிப்பெட்டிக்கு மட்டும் மாத வாடகை இருக்கலாம். மிஷினில் கிரெடிட் கார்டு தேய்த்தால் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு பங்கு கழியும். கையில் நிற்கும் லாபமே கொஞ்சமான மளிகைக்கடைக்கு அது பெரிய அடி.

வேகம்: பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் அக்காவுக்குக் கை எப்போதும் ஈரம். தராசுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை தொங்குகிறது. பெட்டி 'நூற்றிருபது ரூபாய்' என்று சொன்னதும் மீனைப் பையில் போடுகிறார். மிஷினில் தொகை அடித்துச் சீட்டுக் கிழிக்க அவருக்கு நேரம் ஏது? ஆனால் வாங்குபவர் காட்டும் திரையை மட்டும் நம்பாதீர்கள். போலித் திரை காட்டுகிறவர்கள் உண்டு.

பெரிய தொகை: இங்கே மிஷின்தான். தவணையில் வாங்குபவரும் வெளிநாட்டுப் பயணியும் கார்டைத்தான் நீட்டுவார்கள்.

கடன்: இரண்டுமே வரவை வங்கிக் கணக்கில் பதிக்கும். நாளை கடன் கேட்கப் போனால் அந்த ஸ்டேட்மென்ட் பேசும்.

மீன், பூ, டீ, மளிகை என்றால் கியூஆர் அட்டை போதும். பிரெஞ்சுப் பகுதியில் விடுதி, நேரு வீதியில் நகைக்கடை என்றால் இரண்டும் வையுங்கள்.