ஒரே ஆய்வாளர், நான்கு தராசுகள்

சேலத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். என்னிடம் ஆட்டக் கோட்பாட்டில் (ஒருவர் முடிவு மற்றவரைப் பாதிக்கும் சூழலைக் கணிதத்தால் ஆராயும் துறை) முனைவர் பட்டம் முடித்த பெண்ணின் கட்டுரைகளில் பாதி கணித இதழ்களில் வந்தவை, மீதி பொருளியல் இதழ்களில். போன மாதம் ஒரு நேர்காணலில், “உங்கள் கணிதக் கட்டுரைகளை யாரும் மேற்கோள் காட்டவில்லையே” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து ஏற்காடு போனேன். அவள் வீட்டுத் திண்ணையில், கட்டுரைகளுக்கு வந்த மேற்கோள்களை எண்ணிக் காட்டும் நான்கு இணையத் தளங்களின் பிரிண்ட் அவுட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினோம். நான்கிலும் வேறு வேறு எண். “இதுல எதுங்க மேடம் நெசம்?” என்று அவள் அப்பா கேட்டார்.

கூகுள் ஸ்காலரில்தான் எண் பெரியது. 2004-இல் வந்த இது ஆய்வேடு, ஒர்க்கிங் பேப்பர் (இதழில் வருமுன் சுற்றுக்கு விடும் வரைவு), மாநாட்டுக் கட்டுரை என்று கண்ணில் படுவதையெல்லாம் எண்ணும். இலவசம் என்பதால் தேர்வுக் குழுவினர் முதலில் திறப்பதும் இதைத்தான். ஆனால் நம் ஊர்ப் பெயர்களிடம் இது திணறும். ஒரே இனிஷியல், ஒரே பெயர் கொண்ட வேறொருவரின் கட்டுரைகள் மூன்று அவள் கணக்கில் ஏறியிருந்தன. அன்றே நீக்கச் சொன்னேன்.

ஆய்விதழ்களை வெளியிடும் எல்செவியர் நிறுவனத்தின் ஸ்கோபஸும் 2004-இல் வந்ததுதான். தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எடுப்பதால் எண் குறைகிறது. இங்கே சிக்கல் வேறு மாதிரி: ஓர் இதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போய்விட, ஒருத்தியே இரண்டு ஆய்வாளர்களாகப் பிரிந்து கிடந்தாள். திருத்தச் சொல்லி எழுதலாம். எல்லா இதழுக்கும் ஒரே ஆர்சிட் எண்ணை (ஓர் ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) கொடுத்திருந்தால் இந்த அலைச்சல் பெரும்பாலும் இருந்திருக்காது.

மேத்சைநெட் எங்கள் துறைக்குச் சொந்தமானது. அமெரிக்கக் கணிதக் கழகம் 1940-இல் தொடங்கிய மதிப்புரை இதழின் இணைய வடிவம். யார் எந்தக் கட்டுரையை எழுதினார் என்பதை அங்கே ஆட்களே சரிபார்க்கிறார்கள். அதனால் அவள் அதில் ஒருத்தியாகவே இருந்தாள். ஆனால் பொருளியல்காரர்கள் அவளைக் காட்டிய மேற்கோள்களில் பெரும்பகுதி இங்கே ஏறாது. சந்தாவும் கட்ட வேண்டும். சந்தா இல்லாத கல்லூரிக்கு 2021-இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் இசட்பிமேத் போதும், அதுவும் இதே மாதிரி கணிதக் கட்டுரைத் தளம்தான்.

பொருளியலுக்கு ரெபெக். 1997-இலிருந்து தன்னார்வலர்கள் நடத்துவது. ஒர்க்கிங் பேப்பரையும் எண்ணுகிறது, அதுதான் அதன் பலம். பொருளியலில் ஒரு கட்டுரை இதழில் அச்சாகச் சில வருடம் ஆகிவிடும், அதற்குள் பலர் அதைப் படித்து மேற்கோளும் காட்டியிருப்பார்கள்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் நாஷைத்தான் உதாரணமாகச் சொன்னேன். 1950-இல் சமநிலை பற்றி அவர் எழுதிய கட்டுரை இரண்டே பக்கம். அந்த வேலைக்கு 1994-இல் பொருளியல் நோபல். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில் செய்த வேலைக்கு 2015-இல் கணிதத்தின் ஏபெல் பரிசு. எழுதிய கட்டுரைகள் கொஞ்சம்தான். 2005-இல் ஹிர்ஷ் கொண்டுவந்த எச் குறியீடு, ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை மேற்கோளாவது பெற்றன என்று பார்க்கும்; அதனால் கட்டுரைகளின் எண்ணிக்கையை ஒருபோதும் தாண்டாது. ஆகவே அந்தத் தராசில் நாஷ் சின்ன ஆள். போதாததற்கு, ‘நாஷ் சமநிலை’ என்ற சொல்லை எல்லோரும் எழுதுகிறார்கள், மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டுவோர் குறைவு.

கணிதத்தில் மேற்கோள் மெதுவாகத்தான் வரும். இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரோ வழக்கமாக முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளை மட்டும் பார்க்கிறது. நட்டு இரண்டு வருடத்தில் காப்பிச் செடியிடம் பழம் கேட்கிற மாதிரி. மேற்கோள் குறைவான துறை என்பதால் எண்ணைத் திருகுவதும் எளிது. அதனால்தான் அதிக மேற்கோள் பெற்றோர் பட்டியலிலிருந்து, அதை வெளியிடும் கிளாரிவேட் நிறுவனம் 2023-இல் கணிதப் பிரிவையே எடுத்துவிட்டது.

நம் ஊர் விதிகளும் உதவவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் அறிவியல் கட்டுரைக்கு 8 புள்ளி, சமூக அறிவியல் கட்டுரைக்கு 10. எழுதியவர்கள் இரண்டு பேருக்கு மேற்பட்டால் முதல் ஆசிரியர் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு (இதழோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்) 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30. ஆனால் கணிதத்திலும் பொருளியலிலும் பெயர்களைப் பெரும்பாலும் ஆங்கில அகரவரிசையில்தான் போடுவார்கள். அவள் பெயர் ‘வி’யில் தொடங்குகிறது. பாதி வேலையைச் செய்தாலும் கடைசிப் பெயர்தான். இது அநியாயம்.

என் தேர்வு: கணிதத்துக்கு இசட்பிமேத், பொருளியலுக்கு ரெபெக். ஸ்கோபஸ் விண்ணப்பப் படிவம் கேட்டால் மட்டும். ஸ்காலர், சுத்தம் செய்த பிறகு, வீச்சைக் காட்ட. இரண்டு துறை எண்களைக் கூட்டவே கூடாது. அன்று சாயங்காலமே விண்ணப்பத்தில் இரண்டு வரியாக எழுதினாள். கூட்டுக் கட்டுரைகளுக்குக் கீழே ‘பெயர்கள் அகரவரிசையில்’ என்று சேர்த்தாள். நான் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.